பையார்

டிப்போவில் அவருக்குப் பையார் என்று பெயர். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே தலையைச் சொறிவார். பையார் என்றால் போதும், "பதினேழாம் நம்பர் வண்டியில பாருங்க, ஏதாவது சீட்டுக்கு அடியில இருப்பாரு" என்று கை நீட்டிவிடுவார்.

பெயர் வைத்தது அவருடைய டிரைவர். "இந்தப் பை யாரோடது?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற கண்டக்டருக்கு வேறென்ன பெயர் வைப்பது என்பது டிரைவரின் வாதம். கடைசியில் ஓர் 'ஆர்' சேர்த்து மரியாதையாகத்தானே வைத்திருக்கிறேன் என்று வேறு சொல்லிக்கொள்வார். கண்டக்டருக்கும் முதலில் சிரிப்பு வரத்தான் செய்தது. ஆறு வருஷமாக ஒரே கேலியைக் கேட்டால் எந்த மனுஷனுக்குச் சிரிப்பு வரும்?

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வேலை நாளில், காலை ஒன்பதரை மணிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு முந்தின நிறுத்தத்தில் நாற்பதாம் நம்பர் பேருந்தில் குண்டு வெடித்தது. இவருடைய வண்டி இரண்டு வண்டி தள்ளிப் பின்னால் நின்றிருந்தது. சத்தம் கேட்டதும் டயர் என்றுதான் நினைத்தார். முன்னால் நின்ற காரில் ஒரு கண்ணாடிகூட மிச்சமில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. டிரைவரும் அவரும் இறங்கி ஓடினார்கள். அன்றைக்கு யாரைத் தூக்கினார், எப்படித் தூக்கினார் என்று வீட்டில்கூட அவர் வாய் திறந்ததில்லை. யாராவது விடாமல் கேட்டால், "பதினோரு பேர் போயிட்டாங்க" என்று பேப்பரில் வந்த கணக்கைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒரு வாரம் கழித்து அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். காவல் நிலையத்து நடையில் நீளமான மரப்பெஞ்சு. அதில் நாற்பதாம் நம்பரில் வந்து பிழைத்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் சந்தைத் தெரு மருந்துக்கடைக்காரர். இடது காதில் பெரிய கட்டு. யாரும் கேட்காமலே அவர் மெதுவாகச் சொன்னார்.

"பையை நான் பாத்தேங்க. எதிர்சீட்டுக்கு அடியில இருந்துச்சு. நீலப் பை. யாரும் உக்காராத சீட்டு. யாராவது கேப்பாங்கன்னு நினைச்சேன்."

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் தலையை நிமிர்த்தி, தானும் பார்த்ததாகச் சொன்னாள். அவளுக்கு அடுத்தவரும் பார்த்திருந்தார். பேச்சு பெஞ்சின் கடைசி வரைக்கும் போய் நின்றபோது எட்டுப் பேர் பையைப் பார்த்திருந்தார்கள். எட்டுப் பேரும், வேறு யாராவது கேட்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. வெடித்த வண்டியைவிட அந்தப் பெஞ்சுதான் கண்டக்டர் மனசில் ஆணி அடித்தது போல் உட்கார்ந்துவிட்டது.

அந்த மாதமே மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் எல்லா இருக்கைகளின் அடியையும் கண்டக்டர் சோதித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள். திங்கட்கிழமை காலை டீ குடிக்கிற நேரத்தில் வாரம் முழுவதற்கும் சேர்த்துப் போட்டார்கள். பையார் ஒருவர்தான் நிஜமாகவே குனிந்தவர். நாற்பத்து நான்கு இருக்கைகள், ஒரு நாளைக்கு எட்டு டிரிப். வலது முழங்காலை வண்டித் தரையில் ஊன்றி, டார்ச்சை அடித்து, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவார். அவர் கண்டெடுத்த குடைகளை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம். ஒருதரம் கைக்குட்டையில் சுற்றிய பல்செட் ஒன்று கிடைத்தது. அதைத் தேடி வந்த பெரியவர், வாயைக் கையால் மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

ஓட்டத்திலும் விடமாட்டார். பக்கத்தில் ஆளில்லாத பை எதைக் கண்டாலும், "இந்தப் பை யாரோடது?" என்று குரல் கொடுப்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை, "என்னோடதுதான்யா" என்று சலித்துக்கொண்டு ஒரு கை உயரும். அவ்வளவுதான் விஷயம்.

கை உயராமல் போனது மூன்று தடவை. மூன்று தடவையும் வண்டியை ஓரங்கட்டி, ஆட்களை இறக்கி, காவல்துறைக்குச் சொன்னார். முதல் தடவை, நாற்பதாம் நம்பர் வெடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தோல்பைக்குள் ஈரத் துண்டும் நீச்சல் உடையும் இருந்தன. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற ஜனங்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இரண்டாம் தடவை, அடுத்த வருஷம். அட்டைப்பெட்டிக்குள் பழைய இஸ்திரிப் பெட்டி. ஜனங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை நான்கு வருஷம் ஓடியிருந்தது. முதுகுப்பைக்குள் பள்ளிக்கூடப் புத்தகங்களும் கெட்டுப்போன சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. பரீட்சைக்குப் போகிற இரண்டு மாணவிகள் அழுதார்கள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஒருவர், இவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டி வாய்க்கு வந்தபடி பேசினார். இவருக்காகப் பரிந்து பேசியவர் மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான். அவர் அப்போது பதினேழாம் நம்பரில் தினமும் வருகிற ஆள். வெடிச்சத்தத்தில் போன இடது காதை மறுபுறம் திருப்பி வைத்துக்கொண்டு, "அவர் அவரோட வேலையைத்தான் பாக்கறாரு" என்று கூட்டத்திடம் சொன்னார்.

விரலை நீட்டிய அந்த ஆள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். டிப்போவிலிருந்து மெமோ வந்தது. பயணிகளிடையே தேவையற்ற பீதியை உண்டாக்கியது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். பையார் பழைய சுற்றறிக்கையை எடுத்து மெமோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து.

வீடு இரண்டாம் மாடியில் இரண்டு அறை. படியேறி வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றி அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற மனைவிக்கும் கால்வலிதான். வாளி ஒன்று என்பதால் முறை வைத்துக்கொண்டார்கள். மெமோ வந்த அன்று மனைவி தன் முறையையும் அவருக்கே விட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரியில் மகளைக் கூடப் படிக்கிறவர்கள் என்னவெல்லாம் கேலி செய்கிறார்கள் என்று சொன்னாள். அதற்குமேல் கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"நீங்க ஒருத்தர் குனிஞ்சு பாத்துட்டா ஊரே தப்பிச்சிடுமாங்க?"

"ஊரு தப்பிக்கும்னு நான் எப்ப சொன்னேன்? என் வண்டி அது. அவ்வளவுதான்."

பதில் சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் சுருதி இறங்கிப்போயிருந்தது. அடுத்த வாரத்தில் ஒரு நாள் பிற்பகல், பின்வரிசைக்கு முந்தின இருக்கையின் அடியில் ஒரு பச்சைப் பை கிடந்தது. பக்கத்தில் ஆளில்லை. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். முப்பது பேர் முகமும் அந்த நீட்டிய விரலும் கண்முன் வந்துபோயின. டிக்கெட் கொடுத்துக்கொண்டே முன்பக்கம் நகர்ந்துவிட்டார். நாற்பது நிமிஷம் முதுகு குறுகுறுத்தது. கடைசி நிறுத்தத்தில் திரும்பிப் பார்த்தபோது பை இல்லை. யாரோ, அவரவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போயிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் படிக்கட்டில் உட்கார்ந்து அரை பாட்டில் தண்ணீரைக் குடித்தார். டிரைவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, வெயில் என்றார். ஒன்பதாவது ஆளாகப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தது போல் இருந்தது அவருக்கு. மறுநாளிலிருந்து மறுபடியும் கேட்க ஆரம்பித்தார். குரல் மட்டும் பழைய குரலாக இல்லை.

போன வருஷம் வேறோர் ஊரில், ரயில் நிலையத்தில் வெடித்தது. ஒரே நாளில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. பையாரைக் கேலி செய்த டிப்போக்காரர்கள் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். மெமோவுக்குப் பதிலாகப் புதிய டார்ச் வந்தது. வண்டியில் யாரும் பையைக் கீழே வைக்கவில்லை. அதெல்லாம் நல்லதுதான் என்று முதலில் நினைத்தார். நாலு நாள் போன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. ஜனங்கள் இருக்கைக்கு அடியில் பார்க்கவில்லை, ஆட்களின் முகத்தைப் பார்த்தார்கள். எந்த மாதிரி முகம், எந்த மாதிரி உடை, எந்த மாதிரிப் பேச்சு உள்ளவர்களிடம் உஷாராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவர் போனிலும் யார் எழுதினார்கள் என்றே தெரியாத செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. உட்கார இடம் இருந்தும் சில பேர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி டிரிப். சந்தை நிறுத்தத்தில் ஓர் ஆள் ஏறினான். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு தகரப்பெட்டி. மூடி நிற்காமல் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. பார்த்தாலே வெளியூர் என்று தெரிந்தது. டிக்கெட் கேட்டபோது இந்த ஊர்ப் பேச்சு அவன் நாக்கில் இன்னும் சரியாக உட்காரவில்லை என்பதும் தெரிந்தது. பெட்டியைக் கீழே வைக்காமல் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. கண்டக்டரும் பெட்டியைக் கவனிக்கத்தான் செய்தார். முன்பக்கத்தில் ஆறேழு டிக்கெட் பாக்கி இருந்தது. கொடுத்துவிட்டு வந்து கேட்கலாம் என்று போனார்.

அதற்குள் பின்னால் சத்தம். திரும்பியபோது நாலைந்து பேர் அந்த ஆளைச் சூழ்ந்திருந்தார்கள். இரண்டு போன்கள் உயர்ந்து படம்பிடித்துக்கொண்டிருந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் போய்ச் சேர்வதற்கு முன்னால் ஓர் அறை விழுந்த சத்தம் கேட்டது. அறைந்தவர் மருந்துக்கடைக்காரர். அவரைத் தொடர்ந்து மற்றவர்கள் கை வைத்தார்கள். யாரோ ஒருவர் அந்த ஆளின் கையைப் பின்பக்கமாக முறுக்கினார். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அப்போதும் அவன் இன்னொரு கையால் பெட்டியை விடாமல் பிடித்திருந்தான்.

"நீங்களே சொல்லுங்கண்ணே, இத்தனை வருஷமா நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க" என்று ஒருவர் கண்டக்டரைச் சாட்சிக்கு இழுத்தார்.

பையார் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். டிரைவர் மரக்கடைச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"எல்லாரும் இறங்குங்க" என்றார் கண்டக்டர். யாரும் அசையவில்லை. "உள்ள இருக்கறது குண்டுன்னுதானே நினைக்கறீங்க? அப்ப அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு எதுக்கு அடிக்கறீங்க? முதல்ல இறங்குங்க."

அது அவர்கள் மண்டையில் ஏற ஒரு நொடி ஆயிற்று. ஏறிய பிறகு வண்டி காலியாக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. படம்பிடித்தவர்கள்தான் முதலில் இறங்கினார்கள். டிரைவர் வாசலில் தயங்கி நின்றார். காவல்துறைக்குப் போன் பண்ணச் சொல்லிக் கண்டக்டர் அவரையும் அனுப்பிவிட்டார்.

வண்டிக்குள் மிஞ்சியது இரண்டு பேரும் பெட்டியும். அந்த நேரத்தில் தனக்குப் பயம் இல்லை என்று கண்டக்டர் பிற்பாடு ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. இறங்கியிருக்கலாம், சுற்றறிக்கைப்படி இறங்கியிருக்கவும் வேண்டும். இறங்கினால் வெளியே நிற்கும் கூட்டம் மறுபடி உள்ளே வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? எதிர்சீட்டில் உட்கார்ந்தார்.

"தம்பி, பெட்டியில என்ன இருக்கு?"

அந்த ஆள் அவரையே பார்த்தான். கண் கலங்கியது. இவ்வளவு நேரத்தில் அந்தக் கேள்வியை யாருமே அவனிடம் கேட்டிருக்கவில்லை.

"தராசு" என்றான். "ரிப்பேர். கடைக் கடையா. எடைக்கல், ஸ்பிரிங். கீழ வச்சா... அளவு போயிடும். முள் போயிடும்."

"வேர்த்துக் கொட்டுதே?"

"காய்ச்சல்."

கம்பியை அவிழ்க்கப் போனவனைத் தடுத்து, எதையும் தொடாமல் இருக்கச் சொன்னார். காவல்துறை வரட்டும், அவர்கள் பார்க்கட்டும், அதுவரைக்கும் நானும் இங்கேதான் இருக்கிறேன் என்றார். தன் பாட்டிலைக் கொடுத்தார். கிழிந்த உதட்டில் தண்ணீர் பட்டதும் அந்த ஆள் முகத்தைச் சுளித்தான். இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வந்தவர்கள் முறைப்படி சோதித்தார்கள். பெட்டிக்குள் இருந்தவை எடைக்கற்கள், ஸ்பிரிங்குகள், இரண்டு சின்னத் தராசுகள், துணியில் சுற்றிய திருப்புளிகள். அவ்வளவுதான். ஆனாலும் விசாரணை என்று ஒன்று இருக்கிறதே. ஆளை அழைத்துக்கொண்டு போனார்கள். கண்டக்டரும் கூடப் போனார். அடித்தவர்களில் ஒருவரும் வரவில்லை. யார் அடித்தது என்று அதிகாரி கேட்டபோது கண்டக்டர் மருந்துக்கடைக்காரரைச் சொன்னார். கையை முறுக்கிய ஆளின் முகத்தைத் தான் பார்க்கவில்லை என்பதையும் உள்ளபடி சொன்னார்.

தராசுக்காரரின் அறை முகவரியைச் சரிபார்க்க வேண்டும் என்று அன்றைக்கு விடவில்லை. மறுநாள் கண்டக்டருக்கு வார விடுமுறை. எங்கே கிளம்புகிறீர்கள் என்று மனைவி கேட்டாள், சொன்னார். அவள் காய்ச்சல் மாத்திரையும் ரொட்டிப் பொட்டலமும் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பதினோரு மணிக்கு விட்டார்கள். இடது மணிக்கட்டு வீங்கி, தூக்கணாங்குருவிக் கூடு போல இருந்தது. பெட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார் தராசுக்காரர். எதிரே பேருந்து நிறுத்தம். பதினேழாம் நம்பர் வந்து நின்றது. கண்டக்டர் ஏறலாம் என்று கை காட்டினார். தராசுக்காரர் தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். அறை நாலு கிலோமீட்டர் தூரம். கண்டக்டர் பின்னாலேயே போய் பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டி கல்லாகக் கனத்தது. நூறு அடிக்கு ஒருதரம் நின்றார்கள். பேச்சு அதிகம் இல்லை. டாக்டரிடம் கையைக் காட்ட வேண்டும் என்று கண்டக்டர் இரண்டு முறை சொன்னார். சரி சரி என்றார் அவர். சந்தின் முனையில் இருந்த அறை வாசலில் பெட்டியை இறக்கி வைத்ததும், ரொட்டியையும் மாத்திரையையும் வாங்கிக்கொண்டார். நன்றி என்று சொல்லவில்லை. கதவு சாத்தும் முன்னால் ஒன்று மட்டும் கேட்டார்.

"நீங்க... முதல்ல கேட்டிருந்தா, இது நடக்காது. இல்ல?"

கண்டக்டர், ஆமாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க அறை விழும் காட்சி போன் போனாகச் சுற்றியது. ஓடும் பேருந்தில் பயங்கரவாதி பிடிபட்டதாக அதன் கீழே எழுதியிருந்தார்கள். பெட்டி திறந்து பார்த்ததை யாரும் படம்பிடிக்கவில்லை. மகள் தனக்கு அதை அனுப்பிய ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினாள். அப்பாவுக்காக அவள் கூச்சப்படாமல் செய்த காரியம் அது. பாதிப் பேர் பதிலைப் படிக்கவே இல்லை.

மருந்துக்கடைக்காரரைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். பத்து நாள் அவரைக் காணோம். பதினோராம் நாள் ஏறினார். டிக்கெட்டுக்குக் கை நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இறங்குமிடம் வருவதற்கு முன்னால், கேட்கிற காதை இந்தப் பக்கம் திருப்பி, அவராகவே பேசினார்.

"அன்னைக்கு நான் சும்மா இருந்தேன். பதினோரு பேர். உங்களுக்கே தெரியும். இப்பவும் சும்மாவே இருக்கச் சொல்றீங்களா?"

"சும்மா இருங்கன்னு சொல்லலைங்க. வாயைத் திறந்து கேளுங்கன்னுதான் சொல்றேன். கேட்டிருந்தா அந்தாளு சொல்லியிருப்பாரு."

"அவன் உண்மையைத்தான் சொல்வான்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் ஒண்ணும் இல்லை" என்றார் கண்டக்டர். "பதில் சரியில்லைன்னா விசில் இருக்கு, போன் இருக்கு. அறைஞ்சு என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?"

மருந்துக்கடைக்காரர் இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் தராசுக்காரரின் முகவரி கேட்டார். கண்டக்டர் டிக்கெட் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை கையில் ஒரு மருந்துப் பொட்டலத்தோடு ஏறினார். அறை பூட்டியிருந்ததாம். காலி செய்துகொண்டு போய் நாலு நாள் ஆகிறது, எந்த ஊர் என்று சொல்லவில்லை என்றாராம் வீட்டுக்காரர். சந்தையிலும் கடை கடையாக விசாரித்திருக்கிறார். பாதி சரிபார்த்த தராசு ஒன்றைப் பழக்கடையில் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனுஷன்.

வண்டியில் நெரிசல். அடுத்த நிறுத்தத்துக்குள் பதினைந்து டிக்கெட் கொடுக்க வேண்டும். கண்டக்டர் அவரைக் கொஞ்சம் உள்ளே நகரச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. வலது முழங்காலுக்கு டாக்டர் உறை எழுதிக் கொடுத்திருக்கிறார். குனிய வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். உறையை மாட்டிக்கொண்டுதான் குனிகிறார்.